நம் வார்டில் நிற்கப் போவது யார்? ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கான உள்ளாட்சித் தேர்தல் விளக்கம்



சட்டமன்றத் தேர்தல் வந்தால் நம் வீடுகளில் இரவு பகலாக அரசியல் பேசுகிறோம். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் "நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் குழாயில் தண்ணீர் வராதபோதும், சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடும்போதும், கப்ரஸ்தானுக்குப் போகும் பாதையில் விளக்கு எரியாதபோதும் நாம் தேடுவது சட்டமன்ற உறுப்பினரை அல்ல, கவுன்சிலரை. அந்தக் கவுன்சிலராக நம்மில் ஒருவர் ஏன் நிற்கக்கூடாது? நிற்பதற்கு என்ன தகுதி வேண்டும்? மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? இவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உறுப்பினர் இல்லாத ஆண்டுகள்

அரசியல் சாசனத்தின் 73, 74-வது திருத்தங்கள் உள்ளாட்சி அமைப்புகளுக்கு 5 ஆண்டு பதவிக்காலம் வகுத்தன. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பதே விதி. நடைமுறை வேறாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தன. இந்த இடைவெளியில், 2019 பிப்ரவரியில், ஓசூர் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஊர் மாநகராட்சியானபோது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லை.

2019-இல் தேர்வான ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களின் கைக்குப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதன்பின் ஐந்து ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடக்கவில்லை. அத்திப்பள்ளி வழியாக தினமும் வேலைக்குப் போய்வரும் நம் சகோதரர்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள். தனி அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நம் தெருவில் குடியிருப்பவர் அல்ல, நம் வாக்கைக் கேட்டு வந்தவரும் அல்ல. ஃபஜ்ர் முடிந்து வெளியே வரும்போது "தண்ணீர் ஏன் வரவில்லை?" என்று அவரை நிறுத்திக் கேட்க முடியாது.

ஆகவே தேர்தல் தள்ளிப்போவது நமக்கும் இழப்புதான். தள்ளிப்போன தேர்தல் திடீரென்று அறிவிக்கப்படும்போது ஆயத்தம் இல்லாமல் நிற்பது அதைவிடப் பெரிய இழப்பு.

எட்டே நாட்கள்

2022 நகர்ப்புறத் தேர்தலின் கால அட்டவணையைப் பாருங்கள். ஜனவரி 26-இல் அறிவிப்பு. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்புமனு. 5-ஆம் தேதி மனுப் பரிசீலனை, 7-ஆம் தேதி மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். 19-ஆம் தேதி வாக்குப்பதிவு, 22-ஆம் தேதி எண்ணிக்கை. மனுத் தாக்கலுக்குக் கிடைத்தவை 8 நாட்கள். திரும்பப் பெறும் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே இரண்டு வாரம்கூட இல்லை.

அறிவிப்பு வந்த பிறகு "யாரை நிறுத்தலாம்?" என்று முஹல்லாவில் மஷ்வரா கூட்டினால் காலம் போதாது. பெயர் முடிவாகும்போது வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் வேறு ஊரில் இருப்பது தெரியவரும், வீட்டு வரி பாக்கி இருப்பது தெரியவரும். ஓசூர் மாநகராட்சி உறுப்பினர்கள் 2022 மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றார்கள். அவர்களின் 5 ஆண்டுக் கணக்கு 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவுபெறுகிறது. ஆயத்தத்தை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்க வேண்டும்.

பதவியைக் கேட்கலாமா?

நம் பெரியவர்கள் பலர் தயங்குவதற்கு மார்க்கக் காரணம் ஒன்று உண்டு. அதிகாரத்தைக் கேட்டுப் பெறாதே, கேட்டுப் பெற்றால் நீ அதனிடமே விடப்படுவாய், கேட்காமல் கிடைத்தால் உனக்கு உதவி கிடைக்கும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். அபூதர் (ரலி) பொறுப்புக் கேட்டபோது, அது அமானிதம், நீங்கள் பலவீனமானவர் என்று மறுத்துவிட்டார்கள். இவை உறுதியான செய்திகள். இவற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே மார்க்கத்தில்தான் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இருக்கிறது. பஞ்சம் வரப்போகும் நாட்டில் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு அவர்களே மன்னரிடம் கேட்டார்கள். காரணமாகச் சொன்னவை இரண்டு: பாதுகாக்கும் நேர்மை, அந்த வேலையைப் பற்றிய அறிவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பெயருக்கும் பணத்துக்கும் பதவியைத் துரத்துவது கூடாது. தகுதி இருந்து, மக்களுக்குத் தேவையும் இருக்கும்போது பொறுப்பேற்பது வேறு.

மக்களே தங்கள் பிரதிநிதிகளை முன்னிறுத்துவதற்கும் சீராவில் முன்மாதிரி உண்டு. இரண்டாம் அகபா உடன்படிக்கையின்போது தங்களிலிருந்து 12 பொறுப்பாளர்களைத் தேர்ந்து தருமாறு மதீனாவாசிகளிடமே நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் கைதிகளைத் திருப்பி அனுப்பும் பிரச்சினை வந்தது. கூட்டமாக எல்லோரும் சம்மதம் என்று குரல் கொடுத்தபோது அதை நபியவர்கள் அப்படியே ஏற்கவில்லை. யார் மனமார இசைந்தார், யார் இசையவில்லை என்பது கூட்டத்தில் தெரியாது, திரும்பிப் போங்கள், உங்கள் பிரதிநிதிகள் உங்கள் கருத்தைக் கேட்டு வந்து சொல்லட்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒரு வார்டு உறுப்பினர் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்: கூட்டத்தில் கேட்காமல் போகும் குரலை வீடு வீடாகக் கேட்டு மன்றத்தில் சொல்வது.

ஆகவே "நான் நிற்கிறேன்" என்று ஒருவர் துள்ளிக்கொண்டு வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். தகுதியானவர் பெரும்பாலும் தாமாக வரமாட்டார். அவரிடம் போய் "நீங்கள் நிற்க வேண்டும், நாங்கள் துணை நிற்கிறோம்" என்று சொல்வது தெருவாசிகளின் கடமை.

நிற்பதற்கான தகுதிகள்

*வயது:* 21 நிறைவடைந்திருக்க வேண்டும். வாக்களிக்க 18 போதும், போட்டியிட 21.

*வாக்காளர் பட்டியல்:* எந்த உள்ளாட்சி அமைப்புக்குப் போட்டியிடுகிறாரோ அதன் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மனுவை முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும்.

*வரி பாக்கி:* உள்ளாட்சிக்குச் செலுத்த வேண்டிய சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவற்றில் நிலுவை இருந்தால் மனு தள்ளுபடியாகலாம். ரசீதுகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்.

*பணி:* அரசு ஊழியரும் உள்ளாட்சிப் பணியாளரும் போட்டியிட முடியாது. தனியார் ஆலைத் தொழிலாளி போட்டியிடச் சட்டம் தடை சொல்லவில்லை. விடுப்பு விதிகளை மட்டும் நிறுவனத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அதே உள்ளாட்சியில் ஒப்பந்தப் பணி எடுத்திருப்பவர் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் விளக்கம் பெறாமல் மனுச் செய்ய வேண்டாம்.

*டெபாசிட்:* 2019 ஊரகத் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ரூ.200, ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டு உறுப்பினருக்கும் ரூ.600, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு ரூ.1,000. 2022 நகரத் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கு ரூ.1,000, நகராட்சிக்கு ரூ.2,000, மாநகராட்சிக்கு ரூ.4,000. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. அடுத்த தேர்தலில் தொகை மாறலாம், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*செலவுக் கணக்கு:* செலவுக்கு உச்சவரம்பு உண்டு. முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் அடுத்து போட்டியிடும் தகுதியை இழக்க நேரிடும்.

கணக்குக் கொடுக்காதவரை விலக்கிவைப்பது தமிழ் மண்ணில் புதிய விதி அல்ல. காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் என்று அவை சொல்கின்றன. நாம் ஒருவரை முன்னிறுத்தும்போது இந்த ஆயிரம் ஆண்டுப் பழைய அளவுகோலையே வைத்துப் பார்க்கலாம்: பள்ளிவாசல் கணக்கையோ சங்கக் கணக்கையோ சுத்தமாக ஒப்படைத்தவரா இவர்?

எல்லைப் பகுதியின் சிக்கல்

ஓசூர் வேலை தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர். சிப்காட் வந்தது, பெரிய ஆலைகள் வந்தன. மத்திகிரி பேரூராட்சியும் மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் நகரோடு இணைந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், தருமபுரி என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே பிள்ளை பெற்று, வீடு கட்டி, வரியும் கட்டுகிறார்கள். வாக்கு மட்டும் சொந்த ஊரில் இருக்கிறது. சிலர் ஆனேக்கல், சந்தாப்பூர் பக்கம் சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்திருப்பார்கள். அவர்களின் அட்டை கர்நாடக முகவரியில் இருக்கும்.

இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி கூடாது. எங்கே குடியிருக்கிறோமோ அங்கே மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதால், பழைய அட்டை கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்துவிடாமல், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் பாருங்கள். மணமாகி வந்த மருமகள், 18 நிறைந்த பிள்ளை, இரவு ஷிப்டுக்குப் போகும் மகன் ஆகியோரின் பெயர்கள்தான் அதிகம் விடுபடும். பட்டியலில் இல்லாதவரால் வாக்களிக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது.

சிறிய எண்ணிக்கைக்கும் மதிப்புண்டு

ஓசூர் மாநகராட்சியில் 45 வார்டுகள். பெரும்பான்மைக்கு 23 வேண்டும். 2022-இல் திமுக 21, அதிமுக 16 இடங்களில் வென்றன. சுயேச்சைகள் 5 பேர் வந்தார்கள். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில், கட்சிச் சின்னம் இல்லாமல் வந்த அந்த ஐவரின் ஆதரவும் கணக்கில் வந்தது. திமுகவின் எஸ்.ஏ. சத்யா மேயரானார். கிருஷ்ணகிரி நகராட்சியில் 33 வார்டுகள். அங்கே 2022 மார்ச்சில் பரிதா நவாப் தலைவராகத் தேர்வானார். நம் சமுதாயப் பெண் ஒருவர் மாவட்டத் தலைநகரின் நகராட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்த நிகழ்வு அது.

கிராமத்தில் வாய்ப்பு இன்னும் நெருக்கமானது. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகள் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சூளகிரி, கெலமங்கலம், தளி, வேப்பனப்பள்ளி ஒன்றியங்களின் கிராமங்களில் சில நூறு வீடுகளுக்கு அறிமுகமான நல்ல மனிதர் ஒருவர் இருந்தால், கட்சியோ பணமோ இல்லாமல் அவர் நிற்க முடியும்.

உள்ளாட்சியைச் சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். பின்னாளில் நாட்டின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவருக்கும் பொது நிர்வாகப் பயிற்சி நகராட்சியில்தான் கிடைத்தது.

பெண்களை இப்போதே ஆயத்தப்படுத்துங்கள்

2016 சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு. நம் வார்டு பெண்கள் வார்டாக வருமா, பொது வார்டாக வருமா என்பது இடஒதுக்கீட்டு அறிவிப்பு வரும்போதுதான் உறுதியாகும். எனவே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்தே ஆயத்தப்படுத்துவது அறிவுடைமை.

இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. கணவர் வேட்பாளராக நினைத்திருப்பார். வார்டு பெண்களுக்கு என்று அறிவித்ததும் மனைவியின் பெயரில் மனுப் போடுவார். வென்ற பின் கூட்டத்துக்கு மனைவி போவார், முடிவெல்லாம் கணவர் எடுப்பார். இது அமானிதத்தில் குறை செய்வதாகும். நம் ஊர்களில் பட்டம் படித்த பெண்கள், சுயஉதவிக் குழுவில் வங்கிக் கணக்கு நடத்தும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தண்ணீர்க் குடத்தின் அருமையும் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். உமர் (ரலி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற கல்வியறிவு மிக்க பெண்மணிக்கு மதீனாவின் கடைத்தெரு தொடர்பான பொறுப்பு ஒன்றைக் கொடுத்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சகோதரியை நிறுத்தினால் அவரையே பேசவிடுங்கள், அவரையே முடிவெடுக்கவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

முதலாவது, பள்ளிவாசலைப் பிரச்சார மேடையாக்குவது. வழிபாட்டுத் தலங்களைத் தேர்தல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தத் தேர்தல் நடத்தை விதிகள் தடை விதிக்கின்றன. "வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள், தவறாமல் வாக்களியுங்கள்" என்று பொதுவாகச் சொல்வது வேறு, மிம்பரில் ஒருவருக்கு வாக்குக் கேட்பது வேறு.

இரண்டாவது, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது. சட்டப்படி தவறு என்பதோடு அது நியாயமும் அல்ல. ஓசூரின் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். வார்டு உறுப்பினர் அந்த நான்கு மொழிக்காரர்களுக்கும் சாக்கடை தூர்வார வேண்டியவர். எல்லா வீட்டுக் கதவையும் தட்ட மனமில்லாதவர் நிற்க வேண்டாம். நம்மைவிடத் தகுதியான பிற சமய அண்டைவீட்டார் ஒருவர் நின்றால் அவருக்குத் துணைநிற்பதும் நேர்மைதான்.

மூன்றாவது, வாக்குக்குப் பணம். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே சாபத்துக்குரியவர்கள் என்பது நபிமொழியின் கருத்து. ஓர் இரவில் வாங்கிய பணத்துக்காக ஐந்து ஆண்டுகள் வாய் மூடி இருக்க வேண்டிவரும்.

நான்காவது, கட்டாயம். சில கிராமங்களில் தலைவர் பதவியை ஏலம் விடும் வழக்கம் செய்திகளில் வந்திருக்கிறது. அது சட்டவிரோதம். முஹல்லா கூடி ஒருவரை முன்னிறுத்தலாம். ஆனால் வேறொருவர் நிற்க விரும்பினால் தடுக்கவோ, ஒதுக்கிவைக்கவோ, திருமணப் பதிவில் கைவைக்கவோ ஜமாஅத்துக்கு உரிமை இல்லை.

வென்ற பின்

உறுப்பினரால் எல்லாம் முடியாது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையை ஒரு கவுன்சிலர் நிறுத்திவிட முடியாது. அது பெங்களூரின் கழிவு, இரண்டு அரசுகளின் பிரச்சினை. ஆனால் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர முடியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தம் வார்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கணக்குக் கேட்க முடியும். விளக்கு, குப்பை, சாக்கடை, சாலை, அடக்கத்தலப் பாதை ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்துத் தொடர முடியும். வாக்குறுதியும் அந்த எல்லைக்குள் இருக்கட்டும்.

வருமானத்துக்கான வேலையும் இது அல்ல. 2023-இல் அறிவிக்கப்பட்ட மதிப்பூதியம் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் ரூ.10,000, நகராட்சி உறுப்பினருக்கு ரூ.5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு ரூ.2,500. சொந்தத் தொழிலோ வேலையோ உள்ளவர், குடும்பத்தின் சம்மதம் பெற்றவர் நிற்பதே நல்லது.

இந்த மாதமே தொடங்கலாம்

தெருவில் ஐந்து வீட்டார் கூடுங்கள். நம் வார்டு எண், எல்லை, வாக்குச்சாவடி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் விடுபட்ட பெயர்களுக்குப் படிவம் கொடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேட்டுப் போங்கள். யார் வந்து பேசுகிறார், யார் பேசியதைப் பின்தொடர்ந்து முடிக்கிறார் என்று கவனியுங்கள். நீங்கள் தேடும் வேட்பாளர் அங்கேயே கிடைக்கக்கூடும். ஒருவேளை அது நீங்களாகவும் இருக்கலாம்.

நிற்பவர் எல்லோரும் வெல்வதில்லை. ஆனால் நேர்மையாக நின்று தோற்றவர், தம் வார்டின் ஒவ்வொரு வீட்டுக் குறையையும் தெரிந்துகொண்டவராகத் திரும்புகிறார். அடுத்த ஐந்து ஆண்டுகள் அதற்காக மனு எழுத அவருக்குப் பதவி தேவையில்லை.

அமானிதங்களை அவற்றுக்குத் தகுதியானவர்களிடம் ஒப்படைப்பவர்களாகவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டால் அவற்றைப் பேணுபவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.